கேமரா இல்லாத காலத்து போட்டோவா?

போன மாதம் வகுப்பில் ஒரு சின்னச் சண்டை. (வாய்ச்சண்டைதான், பயப்பட வேண்டாம்.) வரலாற்றுக்கு எதையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கல்வெட்டு, நாணயம், ஓலை, கடிதம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். பழைய ஓவியங்களை எதில் சேர்ப்பீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அதெல்லாம் கேமரா இல்லாத காலத்து போட்டோ சார்" என்றான். முன் வரிசையிலிருந்து ஒருத்தி சட்டென்று திரும்பி, "ஓவியம்னா கற்பனை. கற்பனையை எப்படி ஆதாரமா வைக்க முடியும்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டோம்.

எனக்கு மட்டும் அது மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று தோன்றியது, ஆனால் ஏன் தப்பு என்று அந்த நிமிஷம் சொல்லத் தெரியவில்லை. வழக்கம் போல வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்து. அந்த நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகளைப் பற்றி, வேறு காரணம் ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு விலகியது. அதன் பிறகு வடகடலுக்கு அந்தப்புறத்திலிருந்து ஜெர்மானிய மொழி பேசிய கூட்டங்கள் வந்து குடியேறின. இவர்கள் கிறிஸ்தவத்துக்கு மாறத் தொடங்கியது கி.பி. 597-க்குப் பிறகு. அதற்கு முன்னும், மாறிக்கொண்டிருந்த காலத்திலும், இறந்தவர்களோடு வாள், ஈட்டி, நகை, மணி, கிண்ணம் எல்லாவற்றையும் வைத்துப் புதைத்தார்கள். சிலருக்கு மேலே மண்மேடும் எழுப்பினார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாதிரியார்கள், பட்டாள அதிகாரிகள், பணக்கார நிலக்காரர்கள் இந்த மேடுகளை ஆர்வத்தோடு தோண்டினார்கள். தோண்டியதை வரைந்தார்கள், அல்லது வரையத் தெரிந்தவரை வைத்து வரைய வைத்தார்கள். அந்தப் படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் பென்டி கிரேஞ்ச். இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் உள்ள ஒரு பண்ணையின் பெயர் இது. 1848 மே 3-ஆம் தேதி தாமஸ் பேட்மன் என்பவர் அங்கே இருந்த ஒரு மண்மேட்டைத் திறந்தார். உள்ளே எலும்புக்கூடு கிடைக்கவில்லை. உடம்பு முழுக்க மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது, கொஞ்சம் தலைமுடி மட்டும் மிச்சம். ஆனால் பக்கத்தில் இருந்தவை சாதாரணமானவை அல்ல. வெள்ளி விளிம்பு வைத்த ஒரு குவளையின் எச்சம், ஒரு தொங்கு கிண்ணத்தில் பதித்திருந்த சின்னச் சின்ன எனாமல் வட்டங்கள், சங்கிலி, கூடவே ஓர் இரும்புத் தலைக்கவசத்தின் சட்டம். கவசத்தின் உச்சியில் ஒரு காட்டுப்பன்றி உருவம் நின்றது, மூக்குத் தகட்டில் வெள்ளியில் ஒரு சிலுவை இருந்தது. பழைய தெய்வங்களுக்கு ஒன்று, புதிய தெய்வத்துக்கு ஒன்று என்று இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு போன ஏழாம் நூற்றாண்டு மனிதர்! (நம் ஊர் லாரிகளின் முன்கண்ணாடி ஞாபகம் வந்தது எனக்கு.) பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் பன்றி உருவம் வைத்த தலைக்கவசங்கள் வருகின்றன. கவிஞர் சொன்னது நிஜத்திலும் உண்டு என்பதற்கு அன்றைக்குக் கையில் கிடைத்த பொருள் இது.

பேட்மனுக்கு லெவலின் ஜூவிட் என்று ஒரு நண்பர் இருந்தார். ஓவியர், செதுக்குக் கலைஞர், பழம்பொருள் பைத்தியம், மூன்றும் சேர்ந்தவர். இவர் பென்டி கிரேஞ்ச் பொருட்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். அவருடைய ஓவியங்கள் பெரிய தொகுதிகளாகக் கட்டப்பட்டு இன்றும் ஷெஃபீல்டில் இருக்கின்றன. கவசமும் அதே ஊரில்தான், வெஸ்டன் பார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"அசல் பொருளே இருக்கும்போது படம் எதற்கு?" என்று கேட்பீர்கள். அந்த எனாமல் வட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். டால்பின் மாதிரி நீண்ட மூன்று பிராணிகள் வட்டமாகச் சுற்றி, ஒன்றின் வாலை மற்றொன்று கவ்விக்கொண்டிருக்கும். இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு வட்டங்களின் பகுதிகள்தான். ஒன்று ஷெஃபீல்டில், மற்றது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவதாக ஒன்றும் வெளியே வந்தது, ஆனால் தோண்டிய சில காலத்திலேயே உதிர்ந்துபோய்விட்டது. பூமிக்குள் ஆயிரத்து இருநூறு வருஷம் தாக்குப்பிடித்தது வெளிக்காற்றில் நிற்கவில்லை. மூன்றாவது வட்டத்தைப் பற்றி ஒருவர் எதையாவது சொல்ல வேண்டுமானால் பேட்மன் எழுதி வைத்ததையும் அந்தக் காலத்துப் படங்களையும்தான் நாட வேண்டும். வேறு சாட்சி கிடையாது. ஓவியம் கற்பனை என்று தள்ளிவிட்டால் அந்தப் பொருளையே தள்ளிவிடுகிறோம்.

ஆக, முன் வரிசைக்காரிக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் பன்றி வந்தது.

கவசத்தின் உச்சியில் நிற்கும் பன்றி அன்றைக்குத் துருப்பிடித்த இரும்புக் கட்டியாகத்தான் கிடைத்தது. பன்றி என்று உருவம் தெரிந்தது, அவ்வளவுதான். அதன் கண்கள் வெண்கலம் என்று பேட்மன் குறித்துவைத்தார். நூறு வருஷம் கழித்து, 1948-இல், கவசம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சுத்தம் செய்யப்பட்டது. துருவை நீக்கிப் பார்த்தால் கண்கள் கார்னெட் என்னும் சிவப்புக் கற்கள்! அவற்றைச் சுற்றிப் பொன் கம்பி வேலைப்பாடு. உடம்பின் பக்கவாட்டில் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடுகள். நூறு வருஷமாக எல்லோர் கண் முன்னாலும் இருந்த பொருள், ஆனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இதில் ஓவியரின் பிழை என்ன? ஒன்றுமில்லை. அவர் பார்த்தது துரு, வரைந்ததும் துரு. ஆனால் அவருடைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "ஆங்கிலோ-சாக்சன் பன்றி இப்படித்தான் இருந்தது" என்று யாராவது எழுதியிருந்தால்? கவசத்தின் சட்டத்துக்கும் இதே கதைதான். இரும்புப் பட்டைகளுக்கு நடுவே மாட்டுக்கொம்பைத் தகடாக்கி வைத்து மூடியிருந்தார்கள். கொம்பு அழுகிவிட்டது, இரும்பில் அதன் தடம் மட்டும் நின்றது. படத்தைப் பார்த்தால் ஏதோ கோழிக்கூண்டு மாதிரித்தான் தோன்றும். கொம்பு இருந்தது என்பதைப் பேட்மனின் எழுத்துதான் சொல்கிறது. கண் எது என்பதில் தவறிய அதே மனிதர் கொம்பு விஷயத்தில் சரியாகப் பிடித்துவிட்டார். படத்துக்குத் தெரிந்தது எழுத்துக்குத் தெரியவில்லை, எழுத்துக்குத் தெரிந்தது படத்துக்குத் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கவசம் முழுதாகிறது.

பின் பெஞ்ச் நண்பனுக்கும் பதில் இதில் இருக்கிறது என்றாலும், அவனுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வாக்குமூலம்.

பிளஸ் டூ-வில் நான் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு போட்டவன். தவளையின் இரத்த ஓட்ட மண்டலம் என்று ஒரு பக்கம். தட்டில் தவளை இருந்தது, பக்கத்தில் நானும் இருந்தேன். ஆனால் நான் வரைந்தது தவளையைப் பார்த்து அல்ல, போன வருஷத்து அண்ணன் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து. அவர் யாருடையதைப் பார்த்து வரைந்தாரோ! வகுப்பில் பாதிப்பேர் ரெக்கார்டில் ஒரே இரத்தக்குழாய் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாக வளைந்திருந்தது. எல்லோருக்கும் கையெழுத்து விழுந்தது. அந்த வளைவுக்கும் தவளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழைய புத்தகங்களிலும் இது நடந்தது. ஓவியர் பொருளைப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைவார். அதைப் பார்த்துச் செதுக்குபவர் செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ இறக்குவார். அச்சான படத்தைப் பார்த்து இன்னொரு புத்தகத்துக்கு இன்னொருவர் செதுக்குவார். தகட்டில் நேராகச் செதுக்கினால் தாளில் இடவலம் மாறி விழும் என்பது நமக்குத் தெரியும், ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. கவனமான செதுக்குக் கலைஞர் முதலிலேயே திருப்பிச் செதுக்கிவிடுவார். அவசரக்காரர் செய்ய மாட்டார். ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுற்றும் மூன்று பிராணிகளின் வட்டத்தில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் ஓடுபவை எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்துவிடும். அசல் உதிர்ந்துபோயிருந்தால் யார் திருத்துவது?

வண்ணத்துக்கும் இப்படித்தான். அச்சிட்ட கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டிய பிரதிகள் அந்தக் காலத்தில் உண்டு. தீட்டியவர் அசல் நகையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "இங்கே சிவப்பு" என்று ஒரு மாதிரிப் படம் பக்கத்தில் இருந்தால் போதும். எனவே "பழைய ஓவியம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. பொருளை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்த நீர்வண்ணம் ஒரு ரகம், அதன் நகலின் நகல் வேறு ரகம். போட்டோ என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. எந்த ரெக்கார்டு தவளையைப் பார்த்து வரைந்தது, எது அண்ணனைப் பார்த்து வரைந்தது என்பதுதான் கேள்வி.

சரி, இவ்வளவு சிக்கல் இருந்தும் இந்தப் படங்களை நான் ஏன் தூக்கிப்பிடிக்கிறேன்? அதற்குக் காரணம் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியார்.

இவர் கென்ட் பகுதிக்காரர், கேன்டர்பரிக்குப் பக்கத்தில் வீடு. 1757-இலிருந்து 1773 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்திருக்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தால் இன்றைய அகழாய்வாளர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அவர் வேகம் அப்படி. ஆனால் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: ஒவ்வொரு கல்லறைக்கும் எண் போட்டு, எதில் என்ன கிடைத்தது என்று எழுதிவைத்தார். அவர் மகன் ஹென்றி காட்ஃப்ரே ஃபாசெட் பொருட்களைப் படமாக வரைந்து அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் சேர்த்தார். 1771 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிங்ஸ்டன் டவுன் என்ற இடத்தில் 205-ஆம் கல்லறையிலிருந்து ஒரு பொன் ப்ரூச் வெளியே வந்தது. மேலாடையைச் சேர்த்துக் குத்திக்கொள்ளும் வட்ட ஊசி. எட்டரை சென்டிமீட்டர் சுற்றளவு என்று ஒரு இடத்தில் தப்பாகக் குறித்துவைத்திருந்தேன், அது குறுக்களவு. கார்னெட், நீலக் கண்ணாடி, வெண்சிப்பி எல்லாவற்றையும் பொன் அறைகளில் பதித்த வேலை. ஃபாசெட்டின் வண்டி தங்கத்தின் பாரம் தாங்காமல் சக்கரம் சுற்றவில்லை என்று ஊரில் புரளி கிளம்பியதாம்! புரளி எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

(இடையில் ஒன்று. ஆங்கிலோ-சாக்சன் நகைகளில் இருக்கும் கார்னெட் கற்களில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த ஓவியமும் இதைச் சொல்லாது. சிவப்பு என்று மட்டும்தான் சொல்லும்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஃபாசெட் தான் தோண்டியது யாருடைய கல்லறை என்பதில் முழுக்கத் தவறிவிட்டார். ரோமானியர்களோடு கலந்துபோன பிரிட்டானியர்கள் என்று கடைசி வரை நம்பினார். சாக்சன்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் 1776-இல் இறந்துபோனார். அந்தப் பகுதியிலேயே தோண்டிய இன்னொருவர் ஜேம்ஸ் டக்ளஸ். பட்டாளத்தில் கோட்டை வேலையில் இருந்தபோது சாதம் என்ற ஊரில் கல்லறைகளைப் பார்த்தவர், பிறகு பாதிரியாரானார். இவை சாக்சன்களுடையவை என்று தெளிவாகச் சொன்னவர் இவர்தான். 1793-இல் 'நீனியா பிரிட்டானிகா' என்ற பெரிய புத்தகமாக எல்லாவற்றையும் வெளியிட்டார். அதிலுள்ள படங்களைத் தகட்டில் இறக்கியதும் அவரேதான். அமிலத்தால் செப்பை அரித்து, நீர்வண்ணம் மாதிரி சாயல் வரவைக்கும் அக்குவாடின்ட் என்ற முறை. பார்த்தவரே வரைந்தார், வரைந்தவரே செதுக்கினார். நடுவில் அண்ணன் ரெக்கார்டு இல்லை! அதோடு நகையை மட்டும் தனியாக வரையாமல், குழிக்குள் எலும்பு எப்படிக் கிடந்தது, எந்தப் பொருள் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் காட்டினார். என் கணக்கில் டக்ளஸ்தான் இந்தக் கதையின் நாயகன். ஆனால் அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது ஃபாசெட்டே போதும்.

ஃபாசெட்டின் சேகரிப்பு பல வருஷம் குடும்பத்திலேயே கிடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விலைக்குக் கொடுக்க முன்வந்தபோது அதன் அறங்காவலர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் 1854-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜோசப் மேயர் என்ற பொற்கொல்லர் வாங்கினார். 1856-இல் சார்லஸ் ரோச் ஸ்மித் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் புத்தகமாகப் பதிப்பித்தார். யாருடைய கல்லறை என்பதையும் திருத்தினார். இந்த இடத்தைக் கவனியுங்கள். திருத்த வேண்டியிருந்தது ஃபாசெட்டின் எண்ணத்தை. படங்களில் அந்த எண்ணம் இல்லை. ப்ரூச் ப்ரூச்சாகத்தான் இருந்தது, மணி மணியாகத்தான் இருந்தது. வரைந்த கைக்கு இது ரோமானா சாக்சனா என்ற கவலை இல்லை, அறை எத்தனை, கல் எங்கே என்பதுதான் கவலை. எழுதுகிறவர் தனக்குப் புரிந்ததை மட்டுமே எழுத முடியும். பொருளைப் பார்த்து வரைகிறவர் தனக்குப் புரியாததையும் சேர்த்து வரைந்துவிடுகிறார். இந்தப் படங்களின் மதிப்பு இதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

"பன்றியின் கண்ணில் அது நடக்கவில்லையே?" என்று கேட்கலாம். நியாயம்தான். மேற்பரப்பில் இல்லாததை எந்தக் கையும் வரையாது. நான் சொல்வது மேற்பரப்பில் இருந்தும் யாருக்கும் அர்த்தம் புரியாமல் இருந்தவற்றைப் பற்றி.

மேயரின் சேகரிப்பு லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அந்தக் கட்டடம் எரிந்தது, நிறையப் பொருட்கள் அழிந்தன. கிங்ஸ்டன் ப்ரூச் தப்பித்தது, இன்றும் லிவர்பூலில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டால் பொருள் பத்திரம் என்று நாம் நினைப்பது எவ்வளவு தப்பு என்று அன்றைக்கு அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும்.

தீ, குண்டு எதுவும் இல்லாமலும் பொருள் போகும். லிங்கனுக்குப் பக்கத்தில் விதம் என்ற ஆற்றிலிருந்து 1816-இல் ஒரு வெள்ளித் தொங்கு கிண்ணம் கிடைத்தது. ஆங்கிலோ-சாக்சன் வெள்ளி வேலையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அறிஞர்கள் அதைச் சொல்கிறார்கள். கிண்ணத்தின் உள்ளே அடியில் ஒரு சின்ன மிருகம் தனியாக நின்றுகொண்டிருக்கும். 1868-இல் லீட்ஸ் நகரக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதோடு சரி. அதன் பிறகு அந்தக் கிண்ணத்தைக் கண்டவர் இல்லை. உருக்கிவிட்டார்களா, எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறதா! "மிகச் சிறந்தது" என்று அறிஞர்கள் சொல்வதும், அதை மற்றக் கிண்ணங்களோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதும் படங்களை வைத்துத்தான். தொலைந்துபோன ஒரு பொருளின் இடத்தில் காகிதம் உட்கார்ந்துகொண்டு சாட்சி சொல்கிறது.

இப்போது பின் பெஞ்ச் நண்பனுக்கு. அவன் நினைப்பு இதுதான்: கேமரா வந்துவிட்டது, இனி ஓவியம் தேவையில்லை. சட்டன் ஹூ அவனுக்கு உதவாது என்று பயப்படுகிறேன். 1939-இல் சஃபோக் பகுதியில் ஒரு மேட்டுக்கு அடியில் 27 மீட்டர் நீளக் கப்பலோடு புதைத்த ஓர் அரசரின் கல்லறை கிடைத்தது அல்லவா, அதுதான். மரம் மக்கி, மணலில் கறையும் ஆணிகளும் மட்டும் இருந்தன. மெர்சி லாக், பார்பரா வாக்ஸ்டாஃப் என்ற இரண்டு பெண்கள் அங்கே நூற்றுக்கணக்கான போட்டோக்கள் எடுத்தார்கள், சிலவற்றை வண்ணத்திலும் எடுத்தார்கள். கப்பலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் புண்ணியம். ஆனால் எல்லா ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் அட்டையிலும் வரும் அந்தத் தலைக்கவசம் இருக்கிறதே, அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்து கிடந்தது. மண்ணில் கிடந்த நிலையில் அந்தத் துண்டுகளை ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. எந்தத் துண்டு எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பும் இல்லை. அது என்ன என்று அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. விளைவு? 1940-களில் ஹெர்பர்ட் மேரியன் ஒருமுறை ஒட்டினார். சரியில்லை என்று 1970-71-இல் நைஜல் வில்லியம்ஸ் பிரித்து மறுபடி ஒட்டினார். நாம் பார்ப்பது அந்த இரண்டாவது.

கேமரா அங்கேதான் இருந்தது. ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய ஒரு மனுஷர் வேண்டும். தூரிகைக்கும் அதே விதிதான். ஒரு வித்தியாசம் உண்டு: வரைகிறவர் ஒரு பொருளின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்தக் கம்பி எதன் மேல் போகிறது, பிராணியின் வால் எங்கே முடிகிறது என்று முடிவு செய்யாமல் கோடு இழுக்க முடியாது. இதனால்தான் இன்றைக்கும் அகழாய்வு அறிக்கைகளில் போட்டோவுக்குப் பக்கத்திலேயே கையால் வரைந்த கோட்டுப் படமும் வருகிறது. பழமைப் பற்று ஒன்றும் இல்லை. நிழலும் பளபளப்பும் இல்லாமல், "இதை நான் இப்படிப் பார்த்தேன்" என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் படம் அது.

எனக்குக் குறை ஒன்று இருக்கிறது. இந்தப் படங்களை அருங்காட்சியகங்கள் பொதுவாக எங்கே வைக்கின்றன? பொருள் காட்சிக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில். படம் வேறு கட்டடத்தில், வேறு துறையில், "காகிதச் சேகரிப்பு" என்ற பெயரில், பெட்டிக்குள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் எப்போதும் மாட்டிவைக்க முடியாது, அது புரிகிறது. ஆனால் இணையத்தில் வெளிச்சப் பிரச்சினை இல்லையே? பொருளின் பக்கத்திலேயே அதன் பழைய படத்தையும் போடலாம். போட்டால் இவற்றையும் சேர்த்துப் போட வேண்டும்: வரைந்தது யார், எந்த வருஷம், பொருளைப் பார்த்தா இன்னொரு படத்தைப் பார்த்தா, குழிக்கரையிலா மேசையிலா, சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா. நான் பார்த்த பல பக்கங்களில் "19-ஆம் நூற்றாண்டு ஓவியம்" என்று மூன்று வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் சாட்சியின் பெயரைக்கூடக் கேட்காமல் கூண்டில் ஏற்றுவது மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் நேற்று அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். பின் பெஞ்ச் நண்பன், "சரி, அப்போ போட்டோ இல்ல, ரெக்கார்டு நோட்டுன்னு வச்சுக்கலாமா?" என்றான். அவனும் அந்தத் தவளையை வரைந்தவன்தான். முன் வரிசைக்காரி அவ்வளவு லேசில் விடவில்லை. "அந்த மூணாவது வட்டத்தை அவர் சரியா வரைஞ்சார்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மிஞ்சியிருக்கும் இரண்டு வட்டங்களின் துண்டுகளையும் அந்தக் காலத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டில் கை பிசகாதவர் என்றால் மூன்றாவதிலும் அவரை ஓரளவு நம்பலாம்.

"ஓரளவு" என்றாள்.

"ஓரளவுதான்" என்றேன்.